கூலருக்கு சர்வீஸ்... அப்பளத்துக்கு ஆபத்து!

போன வாரம் கல்லிடைக்குறிச்சிக்குப் போயிருந்தேன். அண்ணன் வீட்டுக்கு. சித்திரை வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கி, வியர்த்து வழிந்து வாசலைத் தாண்டினால்... ஜில்லென்று ஒரு காற்று! வீடு மாறி நுழைந்துவிட்டேனோ?

இல்லை. ஹாலில் நின்ற தகர ஏர்கூலர்தான் காரணம். பம்ப் செத்துப்போய், இரண்டு வருஷமாக வெறும் ஃபேனாக மட்டும் ஓடிக்கொண்டிருந்த அதே கூலர். அண்ணன் ஸ்கூல் வாத்தியார். லீவு விட்டதும் அதைப் பிரித்து மேய்ந்துவிட்டான். டேங்கில் படிந்த உப்பைச் சுரண்டி, மோட்டாருக்கு எண்ணெய் போட்டு, மூன்று பக்கமும் புது நார் அடைத்து, அதன்மேல் தண்ணீர் ஊற்றப் புது பம்ப்பும் மாட்டியிருந்தான்.

"குளிருக்கு மாஞ்சோலை மலைக்கு எதுக்குலே பஸ் ஏறணும்? இங்கன உக்காரு!" என்றான்.

உட்கார்ந்தேன். அருமையான காற்று. குளிர் வெளியே ஓடிவிடக் கூடாதென்று ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்தி வைத்திருந்தான். காலை நீட்டத்தான் இடமில்லை. தரை முழுக்க வேட்டி விரித்து அப்பளம்.

அப்பளம் மதினியுடையது. நாங்குநேரியில் ஒரு கல்யாண வீட்டு ஆர்டர். இதுவரை அக்கம்பக்கத்துக்குத்தான் போட்டுக் கொடுத்தாள். கல்யாணப் பந்திக்குப் போவது இதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் வெயில் காட்டுவாள், பிறகு ஹாலில் கூலர் காற்றில் உலர்த்துவாள். முழு நேரமும் வெயிலில் கிடந்தால் வளைந்து உடைந்துவிடுமாம்.

புரிகிறதா, அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று? எனக்குப் புரியவில்லை. வாத்தியாருக்கும்தான்!

மறுநாள் காலையில் மதினி ஒரு அப்பளத்தை எடுத்தாள். நனைந்த கைக்குட்டை மாதிரி விரலில் தொங்கியது. எண்ணெயில் போட்டாள். பொரியவே இல்லை... சும்மா படுத்துக் கிடந்தது.

"ஏங்க... என்ன காரியம் பண்ணி வச்சிருக்கிய? நாளைக்கு முத பஸ்ல அப்பளம் போகணும்! பந்தியில நமுத்த அப்பளம் விழுந்தா எனக்கு இனிமே எவ ஆர்டர் கொடுப்பா?"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் வாத்தியார் விடுவாரா?

"சர்வீஸ்ல ஒரு குறையும் இல்ல, பாத்துக்கோ. தண்ணி எவ்வளவு ஜோரா..."

"அந்தத் தண்ணிதாங்க என் அப்பளத்துல ஏறியிருக்கு!"

அண்ணன் கூலரைப் பார்த்தான். அப்பளத்தைப் பார்த்தான். மதினியின் கண்ணைப் பார்த்தான். நேரே போய் பம்ப்பின் வயரைப் பிடுங்கினான், டேங்கைக் காலி செய்தான், ஈர நாரை உருவிக் கொல்லையில் போட்டான். நான் ஜன்னல்களைத் திறந்தேன். பழையபடி அனல்!

பிறகு பகல் பூராவும் அப்பளம் திருப்பினோம். ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் நான். வேகமாகத் திருப்பினால், "பைய... கிழிஞ்சிரப் போகுது!" என்று மதினியின் அதட்டல் வரும். ஃபேனைக் கொஞ்சம் கூட்டினால் அப்பளம் பறக்கும். அதற்கும் அதட்டல்.

என்னைக் கேட்டால், ஒரு மெஷினுக்கு சர்வீஸ் செய்யுமுன் அதை நம்பி வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரிப்பது நல்லது. எந்த மெக்கானிக் கேட்கிறான்?

சாயங்காலம் மதினி மறுபடி எண்ணெய்ச் சட்டியை ஏற்றினாள். மூன்று பேரும் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றோம். அப்பளம் உள்ளே விழுந்தது... கரண்டி கொள்ளாமல் விரிந்தது! மதினி சிரித்துவிட்டாள். அதை இரண்டாக உடைத்து, பெரிய பாதியை அண்ணனிடம் நீட்டினாள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன வாத்தியாரே, கூலரு ஓடுதா?"

அண்ணன் வேர்க்க வேர்க்க அப்பளத்தைக் கடித்துக்கொண்டு, மதினிக்குக் கேட்கும்படி சத்தமாகவே சொன்னான்: "எங்கன ஓடுது! பம்ப் ரிப்பேருவே!"

முந்தாநாள் மாட்டிய பம்ப்.