இரண்டாவது எக்ஸ்ரே

மூச்சு வாங்குகிறது என்று என் வீட்டுக்காரர் சொல்லவில்லை. ரயில் போய்விட்டது என்றுதான் சொன்னார். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதிப் படியிலேயே நின்றுவிட்டாராம், அதற்குள் வண்டி கிளம்பிவிட்டதாம், ஒரே பேஜாராம். இதே கதை அடிக்கடி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவர் பெயர் சூசை. இரும்பு வார்க்கும் ஆலையில் அச்சு மணலில் வேலை. நான் புதுவாயலில் ஒரு கால்நடை கிளினிக்கில் நர்ஸ். கூட்டிப் பெருக்க வந்தவள், டாக்டரம்மாவின் கையைப் பார்த்துப் பார்த்தே எக்ஸ்ரே எடுக்கக் கற்றுக்கொண்டேன்.

நாய்க்கு நெஞ்சுப் படம் எடுக்கும் விதத்தைச் சொன்னால்தான் நான் செய்தது உங்களுக்குப் புரியும். முன்னங்கால்களை இழுத்து மணல் பை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தோள்சதை நுரையீரலை மறைத்துவிடும். மூச்சைப் பிடி என்று நாயிடம் சொல்ல முடியாது. இரைக்கிற நாயின் மூக்கில் மெல்ல ஊதினால் ஒரு நொடி நிறுத்தும். பிறகு நெஞ்சு நிறைகிற நேரம் பார்த்துப் பொத்தானை அழுத்த வேண்டும். மூச்சை விட்ட பிறகு அழுத்தினால் நல்ல நுரையீரலும் வெள்ளையாகத் தெரியும்.

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் சூசைக்கு எடுத்த படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடம், இரண்டு பக்கமும் மேலே, வெள்ளையாக இருந்தது. எனக்குப் பயம் வரவில்லை. நிம்மதி வந்தது. மூச்சு வெளியே போன பிறகு எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். இருமிக்கொண்டே இருக்கிற மனிதர் எப்படி மூச்சைப் பிடிப்பார்?

சிலிகோசிஸ் (மணல் தூசு நுரையீரலில் படிந்து தழும்பாக இறுகிப்போவது) என்று டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் குறுக்கே புகுந்து இன்னொரு படம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. விலா எலும்புகளை எண்ணிக் காட்டி, மூச்சு நிறைந்துதான் இருக்கிறது என்றார். நான் விடவில்லை. எழுதிக் கொடுத்தார்.

நடைவழிப் பெஞ்சில் உட்காரவைத்து அவருக்குப் பழக்கினேன். கையை இடுப்பில் வைக்கச் சொன்னேன், தோளை முன்னால் தள்ளச் சொன்னேன். "இழுத்துப் புடிச்சிக்கினு நில்லுங்க. சொல்ற வரைக்கும் உடாதீங்க."

"நாய்ன்னா மூக்குல ஊதுவே. எனக்கு இன்னாடி பண்ணப் போறே?" என்றார்.

பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். சூசையின் சிரிப்பு இருமலாகி, அது அடங்க வெகுநேரம் ஆனது.

இரண்டாவது படம் அழகான படம். தோள் விலகி, மூச்சு நிறைந்து, டாக்டரம்மா பார்த்தால் பாராட்டுகிற படம். வெள்ளை அப்படியே இருந்தது. முதல் படத்தில் மங்கலாகக் கிடந்தது இதில் நொய்யரிசி இறைத்த மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. மேலே அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன.

படிந்ததை எடுக்க மருந்து இல்லை, மூச்சுக் கஷ்டத்தைக் குறைக்கலாம், அந்த வேலைக்கு மட்டும் திரும்ப அனுப்பாதீர்கள் என்றார் டாக்டர்.

சூசை என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு மேரி. நாய்க்கு இப்டி இருந்தா உங்க டாக்டரம்மா இன்னா சொல்வாங்க?"

நான் படத்தை உறைக்குள் போட்டேன். ஊட்டுக்கு இட்டுக்கினு போங்க, கேட்டதைக் குடுங்க என்பார் டாக்டரம்மா. தினமும் என் கிளினிக் கதைகளைக் கேட்கிறவருக்கு அது தெரியாதா?

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படம் வந்தால், இன்னொன்று கேளுங்கள், தப்பில்லை. ஆனால் அதில் வேறு நுரையீரல் வராது. எனக்குக் கிடைத்தது அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரம் மட்டும்தான்.

இப்போது டாக்டர் படம் எழுதுவதில்லை. நானும் இன்னொன்று கேட்பதில்லை. பிழைப்பே உள்ளே பார்ப்பது என்றிருந்தவள், இன்று வெளியே நின்று சூசையின் கழுத்துக் குழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு மூச்சுக்கும் அது உள்ளே போகிறது. ஆக்ஸிஜன் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது.

கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறேன். எங்கள் வீடு இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்ததும், பேசாதே என்று கையைக் காட்டுவார். நான் காத்திருப்பேன். கடிகாரம் பார்த்துப் பயனில்லை. அவர் எழுந்தால்தான் அடுத்த வேலை. சில நாள் முன்னே போவார், சில நாள் கட்டிலுக்கே திரும்பிவிடுவார்.

நேற்று நாற்காலியை விட்டு எழவில்லை. சோற்றை அங்கேயே கொண்டுவரச் சொன்னார்.