பதினாறு பட்டன்

தெமோதரையில் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டும் புவனேந்திரன் ஒன்பது வருடத்துக்கு முன் பதுளையில் ஸலீம் நானாவின் பழைய சாமான் கடையில் ஒரு டிரம் மெஷின் வாங்கினார். "இத வச்சு என்ன செய்யப் போறீங்க, லொறிக்கு ஹோர்னா?" என்று நானா கேட்டார்.

அதில் படம் காட்டும் திரை கிடையாது. பதினாறு பட்டன், சில திருகுகள், அவ்வளவுதான். சுற்றி வரும் தாளத்தில் ஒரு பட்டனைத் தட்டினால் அந்த இடத்தில் ஓர் அடி விழும். திரும்பத் தட்டினால் மறையும். கண்ணுக்கு வேலையில்லை, காதும் விரலும் போதும். பெரிய டிரம்மின் திருகைக் கொஞ்சங்கொஞ்சமாக ஏற்றி, அது உடுக்கைபோல் குழையும் இடத்தைப் பிடிக்க அவருக்கு ஒரு மாதம் ஆயிற்று. அடி சேர்ப்பது சுலபம், எதை எடுத்தால் கால் ஆடும் என்பதுதான் கஷ்டம் என்று தானாகவே கண்டுகொண்டார்.

தோட்டத்தின் அடுத்த லயத்து வரிசை வீட்டில் இருந்த ரஜீவ் கீபோர்ட் வாசித்துப் பாடுவான். ஆறு வருடம் இருவரும் சேர்ந்தே திருவிழாக்களுக்குப் போனார்கள். அவனுக்கு மூச்சு வாங்கினால் இவர் ஓர் அடியை எடுத்துவிடுவார். கூட்டம் கை தட்டினால் இரண்டைப் போடுவார்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரஜீவ் வந்தான். "அண்ணே, எல்லாத் தாளத்தையும் ஒவ்வொண்ணா ஓட விடுங்க, ஃபோன்ல புடிச்சுக்கிறேன். வீட்டுல பாடிப் பழகத்தான்."

பகல் முழுக்க உட்கார்ந்து ஓட்டிக் காட்டினார். யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த புதுத் தாளம் ஒன்றையும், கேட்காமலே, கடைசியில் போட்டார்.

அந்த வருடம் ஹல்துமுல்லைக் கோயில் திருவிழாவுக்குத் தங்களைக் கூப்பிடவில்லை என்று ரஜீவ் சொன்னான். சரி, சாமியாவது கும்பிடலாம் என்று மனைவி கலாராணியோடு பஸ் ஏறினார். இறங்கும்போதே ஸ்பீக்கரில் அந்தப் புதுத் தாளம்.

"உங்களோடதுதானே?" என்றாள் கலாராணி.

மேடையில் ரஜீவ் பாடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு லெப்டொப். பாட்டு முடிந்ததும் புவனேந்திரன் மேடையோரம் போய் நின்றார். ரஜீவ் முகம் பார்க்காமல் வயரைச் சுருட்டினான்.

"மெஷின்தானேண்ணே அடிக்குது. நீங்க என்ன, தோல்லயா அடிச்சீங்க? பட்டனைத் தட்டுனீங்க."

ஆறு வருடமும் பக்கத்தில் நின்று இவன் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். கலாராணிதான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

வைகாசியில் ரஜீவ் வாசலில் நின்றான். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கும்மிக்கு மெதுவான தாளம் கேட்டார்களாம். பதிவை மெதுவாக்கினால் மாடு முனகுவதுபோல் வருகிறதாம்.

"ஒரு மணி நேரம் போதும்ணே. புதுசா ஒண்ணு போட்டுக் குடுங்க."

புவனேந்திரன் மெஷினை எடுத்து வந்து, இயக்கி, அவன் மடியில் வைத்தார்.

"நீயே தட்டு."

ரஜீவ் சிரித்தான். அவர் சிரிக்காததைப் பார்த்துத் தட்டினான். ஓர் அடி, இன்னோர் அடி, அப்புறம் பத்துப் பன்னிரண்டு. தாளம் இடறி விழுந்து விழுந்து எழுந்தது. ஏழாவது பட்டனின் அடியை மட்டும் எடுத்தால் போதும், தாளம் நேராகிவிடும். புவனேந்திரன் இரண்டு கைகளையும் கக்கத்தில் இறுக்கிக்கொண்டார்.

"என்னண்ணே, சொல்லிக் குடுக்கக்கூடாதா?"

கக்கத்திலிருந்து அவர் கையை எடுக்கவில்லை. ரஜீவ் மெஷினை வாங்குப் பலகையில் வைத்துவிட்டு, வழக்கமாகச் சொல்லும் "வாறேண்ணே"கூட இல்லாமல், படியிறங்கிப் போனான்.

அந்தக் கோணல் தாளம் ஓடிக்கொண்டே இருந்தது. கலாராணி வந்து நிறுத்தும்வரை அவர் அதைத் தொடவில்லை.