மருந்து கலக்கிய மாப்பிள்ளை

கறுப்பு பீரின் மேல் ஊதா நிறத்தில் நுரை கட்டுவதை நான் முதன்முதலில் பார்த்தது, அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அக்காவின் தலைதீபாவளியன்று. இப்போது வேளச்சேரிப் பக்கம் அதற்கு வாயில் நுழையாத பெயர் வைத்து விற்கிறார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் பீர் என்ற சொல்லைக்கூட யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. சித்தப்பா குடித்தே ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தவர். அதற்குப் பிறகு, குடிக்கிறவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அப்பா மொய்யை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்.

அக்காவுக்கு வரன் வந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வியே, "பையன் குடிப்பானா?" என்பதுதான். "ஒரு சொட்டு தொடமாட்டான்" என்றார் தரகர். அது உண்மை. என்ன வேலை என்றதற்கு, "கப்பல்ல மிக்ஸிங்" என்றார். அதுவும் உண்மைதான். ஆனால் அப்பாவுக்குத் தெரிந்த மிக்சர், கம்பவுண்டர் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கும் சிவப்புத் தண்ணீர். மாப்பிள்ளை கப்பலில் மருந்து கலக்குகிறார் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டு, படப்பைப் பெரியப்பா தொடங்கி அத்தனை சொந்தக்காரர்களிடமும் பீற்றிக்கொண்டார். மாப்பிள்ளை பாரில் நிற்பவர் என்பது அக்காவுக்கே கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்தால் அப்பா இனி வாசலிலேயே சேர்க்கமாட்டார் என்று பயந்து, என்னிடம் மட்டும் சொல்லி அழுதாள்.

தீபாவளியன்று எண்ணெய்க் குளியல் ஒத்துக்கொள்ளாமல் அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பலகாரம் சாப்பிட்டு முடித்ததும், "மாப்ளே, நீங்கதான் மருந்து கலக்குறவராச்சே. இந்தப் பாழாப்போன தொண்டைக்கு ஒண்ணு கலந்து குடுங்களேன்" என்றார். அக்கா இட்லித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். வெந்நீரில் தேனைக் கலந்து கொடுத்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். இந்த மனிதரோ எழுந்து உள்ளே போனார். யாரோ நண்பருக்கென்று பெட்டியில் வைத்திருந்த ஒரு கேனையும் சின்ன பாட்டிலையும் எடுத்துவந்தார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. நல்ல நாளும் அதுவுமாக இது தேவையா?

ஷோகேஸில் சும்மா கிடந்த கண்ணாடி டம்ளரைக் கேட்டு வாங்கினார். பாட்டிலில் இருந்தது பிளாக் கரண்ட் பழத்தில் செய்த இனிப்பு மது. அதை அடியில் கொஞ்சம் விட்டார். பிறகு டம்ளரைச் சாய்த்து, கேனில் இருந்த கறுப்பு பீரை ஓரமாக, அவசரமே இல்லாமல் வழியவிட்டார். ஐஸ்கிரீம் வாசனையும் கருகிய காப்பி வாசனையும் சேர்ந்து வந்தன. ஸ்பூன் எதுவும் போடவில்லை, தானாகவே கலந்தது.

"மாமா, எனக்குக் கலக்கத் தெரிஞ்சது இதான். பீர். நான் பார்ல வேலை செய்றேன்."

அப்பா டம்ளரையே பார்த்தார். "குடிப்பீங்களா?"

"இல்ல மாமா. சரியா வந்திருக்கான்னு நாக்குல வச்சுப் பாப்பேன். உடனே துப்பிடுவேன்."

"தெனமுமா?"

"தெனமும்தான்."

அப்பா எழுந்து டம்ளரை வாஷ்பேசினுக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவர் டம்ளரைக் கழுவி, வேட்டி நுனியால் துடைத்து, திரும்பக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "கை எப்டிப் போவுதுன்னு சரியா பாக்கல. இன்னொருக்கா ஊத்துங்க."

மாப்பிள்ளை ஊற்றிக்கொண்டிருக்கும்போதே படப்பைப் பெரியப்பா பலகாரப் பையோடு உள்ளே வந்துவிட்டார். மூக்கைச் சுளித்து, "இன்னாடா இது, வூடே ஒரு மாதிரி வாசன வருது?" என்றார்.

"மருந்து பெரியப்பா. அப்பாவுக்குத் தொண்டை" என்று அக்கா முந்திக்கொண்டாள்.

"மருந்து இல்லண்ணா, பீரு" என்றார் அப்பா. நாற்காலியை இழுத்துப் போட்டார். "எங்க மாப்ளே பார்ல கீறாரு. குந்து, எப்டி கலக்குறாரு பாரு."