கஷாயம் ஊற்றிய பாத்தி

அப்புத்தளைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்பாவுக்குக் களைக்கொல்லி அடிக்கும் வேலை. மாலையில் அவரைக் கண்டதும் ஓடுவேன். "கிட்ட வராத" என்று கையை உயர்த்திவிட்டு, மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் குளிக்கப் போய்விடுவார். திரும்பி வருவதற்குள் என் ஆசை ஆறிப்போயிருக்கும். எல்லாவற்றுக்கும் காரணம் முதுகில் தொங்கும் அந்த மருந்து டேங்க்தான் என்பது என் எட்டு வயது முடிவு.

அம்மாவின் தம்பி அப்போதுதான் உயர்தரப் பரீட்சை எழுதியிருந்தார். யூக்கலிப்டஸ் மரத்தடியில் புல் அதிகம் முளைக்காததைக் கவனித்து, அந்த இலையை அவித்து ஊற்றினால் களை சாகும் என்றார். பலித்தால் தோட்டத்தை நடத்தும் தொரையிடம் காட்டலாம். அப்பா விஷம் சுமக்க வேண்டாம். மாமா அவித்த அன்று லயத்து வீடுகள் முழுக்கத் தைல வாசம். "யாருக்குடி இம்புட்டு சளி?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள்.

வாசலில் புல் மண்டிய இரண்டு பாத்திகள். ஒன்றுக்குக் கஷாயம், மற்றதற்கு வெறும் தண்ணீர். ஊற்றுவது என் பொறுப்பு. ஐந்து நாளாகியும் இரண்டும் ஒரே பச்சை. நான்தான் சரியாக ஊற்றவில்லையோ என்று பயம் வந்துவிட்டது. யாரும் பார்க்காத நேரத்தில் கஷாயப் பாத்தியின் புல்லைப் பிடுங்கத் தொடங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா அப்பாவைக் கூட்டிவந்தார். பாத்தி மொட்டையாக இருந்தது.

"பாத்தீங்களா மச்சான்!"

"செத்த புல்லு எங்க மாப்ள?"

"அது... கரைஞ்சிருக்கும்."

அப்பா சுற்றிப் பார்த்துவிட்டு, வாசலோரக் கொய்யா மரத்துக்குப் பின்னால் போனார். கல்லின்மேல் நான் பிடுங்கிய புல், மண் உதறி, வேர் மேலே பார்க்க அடுக்கியிருந்தது. மறுபடி வேர் பிடிக்காமலிருக்க தேயிலை மலையில் களை பிடுங்கும்போது அம்மா அப்படித்தான் வைப்பார். திருட்டு வேலையிலும் நான் அம்மா சொல்லைத் தட்டவில்லை.

அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். குவியலைக் காலால் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் தள்ளிவிட்டு வந்தார்.

"இன்னும் கெட்டியா காய்ச்சிப் பாரு மாப்ள. தொரைகிட்ட அப்புறம் போவோம்."

மாமாவின் முகம் வாடியது. டேங்கை இறக்கி வைக்க அப்பாவுக்குத்தான் மனமில்லை என்று நினைத்தேன். அன்று அவருக்கு வேலையில்லை. குளித்து, வெள்ளைச் சட்டையில் இருந்தார். என்னைத் தூக்க வந்தவரிடம் நான் போகவில்லை.

அவர் மருந்தடிப்பதை விட்டுப் பல வருடமாகிறது. என் மகளைப் பார்க்க வந்தால் இன்றும் வாசலிலேயே நின்று, "இரும்மா, கை கழுவிக்கிறேன்" என்கிறார். நான் தண்ணீர் ஊற்றுகிறேன். அவர் போதும் என்ற பிறகும் கொஞ்சம் ஊற்றுகிறேன்.