பாட்டிலில் வந்த நல்ல தண்ணீர்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வீட்டில் பிள்ளைகள், "அம்மா மூஞ்சியப் பாத்துட்டுப் பேசு" என்று ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்வார்கள். நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்திலும் இதையே வேறு மாதிரி சொல்வார்கள் என்று கேள்வி. அதனால் இதில் நான் யார் மேலாவது எரிந்து விழுந்தால் அந்த நேரத்துக் கோபம் என்று விட்டுவிடுங்கள். முக்கால்வாசித் தப்பு என்னுடையது.

தாமிரபரணி ஆறு புன்னக்காயலில் கடலில் சேர்வதற்கு முன்னால் இரு பக்கமும் இருக்கிற ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு உப்பாகியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல, மாநில அரசு எங்கள் துறைக்கு ஓர் ஆய்வுத் திட்டம் கொடுத்தது. ஆய்வு என்றால் பெரும்பாலும் அச்சடித்து, பைண்டு பண்ணி, அலமாரியில் அடுக்கிவிட்டு மறந்துபோவோம். இது அப்படியில்லை. முதல் கூட்டத்திலேயே குடிநீர் அதிகாரி பட்டென்று சொல்லிவிட்டார்.

"மேடம், ஆத்துத் தண்ணிக் குழாய் எந்தெந்த ஊருக்குப் போகணும்னு உங்க அறிக்கைய வச்சுத்தான் பட்டியல் போடப் போறோம். இதுல விட்டுப்போன ஊருக்கு அடுத்த திட்டம் வர்ற வரைக்கும் குழாய் கிடையாது."

கேட்டதும் எனக்குப் பெருமையாக இருந்தது. பயம் வந்திருக்க வேண்டும்.

தண்ணீர் எடுத்து வர சாத்தான்குளத்துக்காரர் ஒருவரை உதவியாளராக அமர்த்தினோம். வேதியியல் படித்தவர், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா, அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். கழுவிய பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் ஊர் ஊராக அலைவார். சாயங்காலம் ஒவ்வொன்றிலும் எண் ஒட்டி என் மேசையில் வரிசையாக வைப்பார். நான் தச்சநல்லூரில், குழாயைத் திறந்தால் ஆற்றுத் தண்ணீர் கொட்டுகிற வீட்டில் வளர்ந்தவள். ஆய்வகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து உப்பை அளந்தேன்.

ஏறக்குறைய எல்லா ஊரிலும் உப்பு ஏறியிருந்தது. நடுவில் ஒரே ஒரு சிற்றூர் மட்டும் விலகி நின்றது. பெயர் வேண்டாம். முஸ்லிம்கள் வாழும் சின்ன ஊர், ஆண்களில் பாதிப்பேர் வளைகுடாவில். அந்த ஊர்ப் பாட்டில் ஒவ்வொன்றிலும் தாமிரபரணித் தண்ணீர் போலவே அளவுகள் வந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. பூமிக்கடியில் ஆற்றின் பழைய தடம் ஒன்று அந்த ஊருக்குக் கீழே போகிறது என்று முடிவு கட்டினேன். வண்ணம் வண்ணமாகப் படம் போட்டேன். அடுத்த கூட்டத்தில் அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினேன். அதிகாரி ரசித்துக் கேட்டார்.

"அப்போ இந்த ஊருக்குக் குழாய் வேண்டாம்" என்று சொல்லிப் பட்டியலில் ஒரு கோடு போட்டார். நானும் தலையாட்டினேன்.

இறுதி அறிக்கைக்குக் கிணறுகளைப் புகைப்படம் எடுக்கலாமே என்று உதவியாளரையும் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். அதுதான் அங்கே நான் முதல்முறை போவது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. தெருவின் முதல் வீட்டில், என்னைவிட மூத்த ஓர் அம்மா, "வாங்க டீச்சர், இங்கன காத்தாட உக்காருங்க" என்று கூப்பிட்டு டீ கொடுத்தார். கணவர் சவுதியில் இருந்தார். டீ அருமை. கிணறு பின்கட்டில் இருந்தது. முகம் கழுவலாம் என்று போய் ஒரு வாளி இறைத்து வாயைக் கொப்பளித்தேன். கரித்தது. அப்படி இப்படி இல்லை, கடலில் மோந்த மாதிரி கரித்தது. துப்பிவிட்டு அப்படியே நின்றேன்.

"யக்கா, இந்தத் தண்ணியையா பாட்டில்ல குடுத்திய?"

"இதையா? இத மனுசன் குடிப்பானா டீச்சர்? இது துணி தொவைக்க, பாத்திரம் கழுவ. அந்தத் தம்பி வாசல்ல வந்து நின்னுச்சு. பானையிலருந்து நல்ல தண்ணியா மோந்து குடுத்தேன்."

"கிணத்துத் தண்ணின்னு அவர் சொல்லலியா?"

"சொல்லிச்சு. சோதிச்சுப் பாக்கன்னும் சொல்லிச்சு. அதுக்காவ? வீடு தேடி வந்து தண்ணி கேட்ட ஆளு கையில உப்புத்தண்ணியக் குடுத்து அனுப்ப முடியுமா? இந்தத் தெருவுல யாரும் செய்ய மாட்டாவ."

யாரும் செய்யவில்லைதான். பானையில் இருந்தது, குட்டியானை வண்டியில் குடம் குடமாக விற்க வருகிற தண்ணீர். மேற்கே ஆற்றிலிருந்து எடுத்து வருவது. தாமிரபரணித் தண்ணீர் போல இருந்ததில் என்ன அதிசயம், அது தாமிரபரணித் தண்ணீரேதான். நான் கண்டுபிடித்த பழைய ஆறு வண்டியில் ஏறி வந்திருக்கிறது.

வெளியே வந்து உதவியாளரை வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

"ஏலே, கிணத்துல நீயே எறைச்சு எடுக்கணும்னு தெரியாதா? என்னத்தப் படிச்சே?"

தெருவே வேடிக்கை பார்த்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு பைய சொன்னார்.

"மேடம், ஆம்பள ஆளு இல்லாத வீடு. பின்கட்டுக்கு நான் எப்படிப் போவேன்? பாட்டில உள்ள குடுத்துட்டு வாசல்ல நின்னேன். மத்த ஊர்ல நானேதான் எறைச்சேன், இந்த ஊர்ல எல்லா வீட்டுலயும் இப்படித்தான்."

'கிணறுகளிலிருந்து நேரடியாக எடுக்கப்பட்டது' என்று அறிக்கையில் எழுதியவள் நான். எப்படி எடுத்தீர்கள் என்று அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை. நானே போயிருந்தால் இரண்டு நாள் வேலை. அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு அன்று சாயங்காலம் வரை ஆனது.

திரும்ப உள்ளே போய் அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். உங்கள் ஊருக்குக் குழாய் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது, என் அறிக்கையால்தான் என்றேன். அவர் முகம் செத்துப்போனது.

"வண்டிக்காரன் எப்ப வருவான்னு தினமும் வாசலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம் டீச்சர். இனியும் அப்படித்தானா?" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அடுத்த வாரமே வீடு வீடாகப் போய் என் கையால் இறைத்து எடுத்தேன். யாரும் தடுக்கவில்லை. அந்த அம்மா மட்டும் கிணற்றடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தயங்கினார். மகளுக்கு நிக்காஹ் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பார்.

"உப்புத்தண்ணி வீடுன்னு எழுத்துல ஏறிட்டா மாப்பிள்ளை வீட்டுல என்ன நெனைப்பாவ? வீட்டுப் பேரு போடுவியளோ?"

பாட்டிலில் எண் மட்டும்தான், எந்த வீடு என்று வெளியே யாருக்கும் தெரியாது என்று சொன்ன பிறகுதான் கயிற்றை என்னிடம் தந்தார்.

புது அளவுகளையும், தப்பு என்னுடையது என்று ஒரு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு அதிகாரியைப் பார்த்தேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னைக்கு அவ்வளவு அழகாப் பேசினீங்க. இன்னைக்கு எல்லாம் உப்புங்கிறீங்க. இந்தப் பாட்டில் மட்டும் சரின்னு நான் எப்படி நம்புறது மேடம்?"

சுரீரென்று கோபம் வந்தது. ஆனால் கேள்வி நியாயம். "என்னை நம்ப வேண்டாம் சார். ஒரு நடை வந்து பாருங்க" என்றேன். இந்தக் கடிதத்தோடு திட்டத்தின் அடுத்த கட்டம் போய்விடும் என்று துறைத் தலைவர் வருத்தப்பட்டார். போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு நண்பகலில் அதிகாரி வந்தார். ஜீப்பைப் பார்த்ததும் தெருவே கூடிவிட்டது. முதல் வீட்டின் முன்னறையில் உட்கார வைத்தார்கள். பின்கட்டுக்குக் கூட்டிப்போக நான் எழுந்தேன். அவர் எழவில்லை.

"வேண்டாம் மேடம், உள்ள பெண்கள் இருக்காங்க. இங்கேயே கொண்டுவரச் சொல்லுங்க."

என் உதவியாளர் என்னைப் பார்த்தார். இந்த மனிதரும் வாசலோடு நின்றுவிட்டார். அந்த அம்மா உள்ளே இருந்து எதைக் கொண்டுவந்தாலும் அதுதான் இந்த ஊர்த் தண்ணீர் என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். நான் உள்ளே ஓடினால், எல்லாம் என் ஏற்பாடு என்று நினைப்பார். மறுபடி உட்கார்ந்துவிட்டேன். உள்ளே கிணற்றுக் கப்பி சுற்றுகிற சத்தம் கேட்டது.

அந்த அம்மா தட்டில் ஒரு கண்ணாடித் தம்ளரை வைத்து இரண்டு கையாலும் நீட்டினார். வாசலில் தெருவே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி சார்" என்றார்.

அதிகாரி வெயிலில் வந்தவர், ஒரு பெரிய மடக்காகக் குடித்துவிட்டார். முகம் கோணியது. துப்ப எழுந்தவர், அந்த அம்மாவைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். தம்ளரைத் தட்டில் திருப்பி வைத்தார். பிறகு என்னிடம், "திருத்தின பட்டியல இன்னைக்கே அனுப்பிடுறேன்" என்றார்.

ஜீப் போன பிறகு நன்றி சொல்லலாம் என்று உள்ளே போனேன். அடுப்படியில் சுவரில் சாய்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்த அம்மா அழுதுகொண்டிருந்தார்.

"வீட்டுக்கு வந்த ஆளுக்கு உப்புத்தண்ணி குடுத்துட்டேன் டீச்சர்" என்றார். "அவரு துப்பக்கூட இல்ல."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் தப்புக்கு அவர் அழுதுகொண்டிருந்தார்.