பழைய அளவில் ஒரு சட்டை

தையல்காரிக்கு வயது ஐம்பத்தெட்டு. படுக்கையில் கிடந்த அவள் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குத்தான் நான் அந்த வீட்டுக்குப் போனேன். ஆறு வருடம். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைப்போம். தலைப்பக்கம் நான், கால்பக்கம் அவள். அம்மா முதுகில் ஒரு புண் வராமல் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகும் பின்னறையில் நானே குடியிருக்கிறேன்.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மிஷினுக்கு அடியில் காதல் நாவல்களை அடுக்கி வைத்திருப்பாள். பிரிந்துபோனவன் முப்பது வருடம் கழித்து மழையில் நனைந்துகொண்டு திரும்பி வருவான். காதோரம் மட்டும் லேசாக நரைத்திருக்கும். அந்தக் கதைகளில் ஒருத்தனுக்கும் சர்க்கரை வியாதி கிடையாது.

அம்மா போன மூன்றாம் மாதம் அவளுடைய ஆள் வந்தார். ஒரு காலத்தில் பக்கத்துத் தெரு ஸ்டூடியோவில் போட்டோ பிடித்தவர்; வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு போனவர். இப்போது மனைவி இல்லை. மழையும் இல்லை, ஆட்டோவில் வந்தார். நாலு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, “உன்னை மறக்கவே இல்லை” என்றார். அவ்வளவுதான், தையல் கடையைக் காலி செய்வதாகக் கட்டடச் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டாள் இவள். அவர் வீட்டோடு போகப்போகிறாளாம்.

போவதற்கு முன் அவருக்கு ஒரு சட்டை தைத்தாள். ஆளை நிற்க வைத்து அளவெடுக்கவில்லை. வாலிபத்தில் அவருக்குத் தைத்தபோது எழுதிய பழைய அளவு நோட்டைத் தேடி எடுத்தாள். மார்பு முப்பத்துநாலு, இடுப்பு இருபத்தெட்டு. நாற்பது வருடம் துணி வெட்டியவள் செய்கிற வேலையா இது? சொன்னேன். “உங்களுக்கு ஒண்ணும் புரியாதுக்கா” என்றாள்.

ஐந்தாவது ஞாயிறு சட்டையைப் போட்டுப் பார்த்தார். மேல் பொத்தான் ஒன்று மாட்டியது. மற்றவை வயிற்றுக்கு இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டு நின்றன. அவள் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு பக்கத் தையலைப் பிரிக்க உட்கார்ந்தாள். நான் அவர் காலைப் பார்த்தேன். இடது பாதத்தில் கட்டு, ஈரம் ஊறியிருந்தது. வாசனையும் எனக்குத் தெரிந்த வாசனை.

யார் கட்டுப் போடுகிறார்கள் என்று கேட்டேன். மருமகள்தான் போட்டாளாம், இனி முடியாதென்று சொல்லிவிட்டாளாம்.

“அதான், இவ கை படட்டும்னு இருக்கேன். அவங்கம்மாவ ஆறு வருஷம் ஒரு புண்ணு வராம பாத்தவளாச்சே” என்றார் பெருமையாக.

அவள் குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்தாள்.

“அம்மா படுத்தது அப்பவே உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியுமே. அந்த நேரத்துல வந்து எதுக்குத் தொந்தரவுன்னுதான் இருந்துட்டேன்.”

மனிதர் அதைப் பண்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“சட்டையக் கழட்டுங்க,” என்றாள்.

“பிரிச்சுத் தைக்க எத்தனை நாளாகும்?”

“இதுல தையலுக்குள்ள துணி விடல. பிரிச்சாலும் பத்தாது.”

காலை உடனே டாக்டரிடம் காட்டச் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஆண் நர்ஸ் ஒருவரின் நம்பரைக் கடை ரசீதின் பின்னால் எழுதிக் கொடுத்தேன். ஆட்டோ வரை கைத்தாங்கலாகக் கொண்டுபோய் விட்டேன், புண் புண்தானே.

திரும்பி வந்தபோது அவள் கடையைக் காலி செய்யவில்லை என்று கட்டடச் சொந்தக்காரருக்கு போன் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சட்டையை வெட்டியதில் இரண்டு தலையணை உறை வந்தது. ஒன்று எனக்கு. நல்ல துணி, சாயம் போகவில்லை.