முத்துலட்சுமி அக்கா அடி எடுத்துக் கொடுத்த சாயங்காலம்

“ஏன் டீச்சர், சாமியும் நானும் ஒண்ணுன்னு வருசமெல்லாம் பாடுறமே... எனக்குத் தொண்ட போச்சே, சாமிக்கும் போச்சா?”

பரளச்சியில் நான் அறிவியல் டீச்சராக இருந்தபோது முத்துலட்சுமி அக்கா என்னிடம் கேட்ட கேள்வி இது. அவருடைய கடை முழுக்கக் கொத்தமல்லி மூட்டை வாசம். கல்லாவுக்கு மேல் குனிந்து காதைக் கொடுத்தால்தான் அவர் பேசுவது புரியும். குரல் என்று சொல்ல முடியாது, காற்றும் கரகரப்பும்தான்.

அதற்கு முன்னால் அது எப்பேர்ப்பட்ட குரல்!

ஊர் ஈஸ்வரன் கோயிலில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்கள் சேர்ந்து பக்திப் பாடல்கள் பாடுவோம். அக்கா ஓர் அடியைப் பாட, நாங்கள் வாங்கிப் பாடுவோம். எங்களுக்கெல்லாம் புத்தகம் வேண்டும். அவருக்கு வேண்டாம். மல்லியை எடை போடும்போதும் வாய்க்குள் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும்.

மதுரையில் கழுத்தில் ஆபரேஷன் செய்தார்கள். கட்டி போனது. கூடவே குரலும் போனது. அதன் பிறகு அக்கா கோயில் பக்கமே வரவில்லை.

கேள்வி கேட்டால் உதாரணம் சொல்லாமல் இருக்க முடியாதே எனக்கு. “பல்பு போயிருச்சுன்னா கரண்டே போயிருச்சுன்னு அர்த்தமா அக்கா?” என்றேன்.

“நம்ம ஊர்ல ரெண்டும் சேந்துல்ல போகுது டீச்சர்!”

சிரித்தார். சிரிப்பிலும் சத்தம் இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்...

“பாடுறப்ப நான்னு ஒருத்தி இருக்கதே தெரியாது டீச்சர். இப்ப நாள் முழுக்க நான் மட்டுந்தான் இருக்கேன்.”



மார்கழி வந்தது. கோயிலில் முற்றோதல். அதாவது, ஒரு பாடல் நூலை முதலிலிருந்து கடைசிவரை ஒரே நாளில் ஓதி முடிப்பது. காலையில் ஆரம்பித்தால் நடுவில் அறுபடக் கூடாது. ஒருத்தி தண்ணீர் குடிக்க எழுந்தால் பக்கத்தில் இருப்பவள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் கூட்டத்தில் மூத்தவரான பேச்சி மதினி, அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். “ஏ முத்துலட்சுமி, நீ ஒண்ணும் பாட வேணாத்தா. மாலையப் போட்டுக்கிட்டுச் சும்மா முன்னால உக்காரு, போதும்.”

மதினி பிரியமாகத்தான் சொன்னார். ஆனால் அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. “நான் என்ன உற்சவச் சிலையா?” என்று என் காதில் சீறிவிட்டு, கடைசி வரிசையில் தூணோரமாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வீட்டுக்கு எழுந்து போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். போய்விட்டால் இனி வரவே மாட்டார்.

பொழுது சாய்ந்து இருட்டிக்கொண்டு வரும் நேரம்... இறைவனோடு கலந்து கரைவதைப் பாடும் பகுதிக்கு வந்திருந்தோம். அக்காவின் பகுதி அது. அப்போது பார்த்துக் கரண்ட் போனது.

கருவறை விளக்கு மட்டும்தான் வெளிச்சம். புத்தகத்தில் ஓர் எழுத்தும் தெரியவில்லை.

“ஏத்தா, அடுத்த அடி என்ன?”

“என்னையக் கேட்டா? பொஸ்தகம் உங்கைலதான இருக்கு!”

“தீப்பெட்டிய எடுங்கடி!”

பேச்சி மதினி பாடிய அடியையே திரும்பத் திரும்பப் பாடி இழுத்துக்கொண்டிருந்தார். மற்ற குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. மதினிக்கும் மூச்சு வாங்கியது. அறுபடப் போகிறது...

என் காதோரம் சூடாக ஒரு மூச்சு. அடுத்த அடியின் முதல் சொல்.

எத்தனையோ வெள்ளிக்கிழமை கேட்ட பாட்டுத்தானே? முதல் சொல் கிடைத்ததும் மீதி தானாக வந்தது. ராகம் எனக்குச் சுமார்தான். ஆனால் கடைசி பெஞ்சு வரைக்கும் எட்டும் வகுப்பறைக் குரல். எடுத்து வீசினேன். முன்வரிசை அப்படியே வாங்கிக்கொண்டது.

அடுத்த சொல்... அடுத்த அடி... அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு கொடுத்துக்கொண்டே இருந்தார்.

இறைவனே அடியாருக்கு அடி எடுத்துக் கொடுத்ததாகக் கதைகள் சொல்வார்கள். அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. வகுப்பில் எல்லோரும் சேர்ந்து வாய்ப்பாடு சொல்லும்போது எது எந்தப் பிள்ளையின் குரல் என்று பிரிக்க முடியாது இல்லையா? அதுபோல... சொல் அவருடையதா, குரல் என்னுடையதா, பாடுவது யார் என்றே தெரியாமல் போனது. எனக்கு நான் இருந்த நினைவே இல்லை.

கரண்ட் எப்போது வந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. புத்தகத்தையும் யாரும் பார்க்கவில்லை.

முடிந்ததும் இலையில் சுண்டலை வைத்துக்கொண்டு அக்கா என்னைக் குனியச் சொன்னார். அவர் கன்னமெல்லாம் ஈரம்.

“டீச்சர், சாமிக்குத் தொண்டையே கெடையாது போல. அதான் ஊருல உள்ள தொண்டையெல்லாம் வாங்கிக்கிருது.” கொஞ்சம் நிறுத்தி, “ஆனா உங்க தொண்டைய ஏன் வாங்குச்சுன்னுதான் தெரியல. சுருதியே சேரல” என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை எங்களுக்கு முந்தியே கோயிலுக்கு வந்து உட்கார்ந்திருந்தார்.

ரிட்டயர் ஆகி நான் இப்போது அருப்புக்கோட்டையில் இருக்கிறேன். மார்கழிக்குப் பஸ் ஏறிப் பரளச்சிக்குப் போய்விடுவேன். கோயிலில் இன்வெர்ட்டர் இருக்கிறது, மைக் இருக்கிறது. எல்லோரும் செல்லில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துப் பாடுகிறோம். என் கண்ணுக்கு அது பெரிய உதவி, குறை சொல்ல மாட்டேன். இருட்டில் ஒருவர் காதை ஒருவர் தேடுவதுதான் இப்போது இல்லை. அதனால் அந்த ஒரு பகுதி வரும்போது மட்டும் செல்லையெல்லாம் கவிழ்த்து வைத்துவிடுகிறோம். அக்கா அடி எடுத்துக் கொடுக்கிறார்... இன்றைக்கும் அதே காற்றுக் குரல்தான்.

எத்தனையோ பேருக்குப் பாடம் சொன்ன எனக்கு அந்த அனுபவம் கிடைத்தது கேட்காமல் கிடைத்த வரம். அக்காவுக்கு நன்றி.

உங்களுக்கு ஓரளவு தெரிந்த பக்திப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வோர் அடியின் முதல் சொல்லையும் உங்கள் காதில் மெதுவாகச் சொல்லச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டுப் பாடிப் பாருங்கள்.